ஆண்ட்ராய்டா, ஐபோனா? இரண்டையும் சுமப்பவனிடம் கேட்டவை

செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதனால் பத்து வருடமாக என் பையில் ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன் என்று இரண்டும் இருக்கும். 'எதை வாங்கலாம்?' என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. சேர்ந்திருந்த கேள்விகளை எடுத்து ஒரே மூச்சில் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எது நல்லது?

இப்போது எதை வைத்திருக்கிறீர்களோ அதிலேயே தொடருங்கள். மாறுவதற்கென்று ஒரு காரணத்தை உங்களால் ஒரே வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் மாறுங்கள். 'சும்மா ஒரு மாற்றத்துக்கு' என்பது காரணம் ஆகாது.

2010 வாக்கில் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அன்று இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. அப்புறம் பரீட்சைத் தாளை எட்டிப் பார்த்து எழுதும் பையன்கள் மாதிரி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே வந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் தொடக்கத்திலிருந்தே இருந்த விட்ஜெட் (செயலியைத் திறக்காமலே தகவல் காட்டும் சிறு பெட்டி), ஐபோனின் முகப்புத் திரைக்கு வந்தது 2020-ல். ஐகானை இஷ்டப்பட்ட இடத்தில் வைக்கும் உரிமை 2024-ல்தான் கிடைத்தது. மறுபக்கம், கேமரா, மைக் அனுமதியைத் தேவைப்படும்போது கேட்கும் பழக்கத்தை ஆண்ட்ராய்டு 2015-ல் கற்றுக்கொண்டது.

முதல் ஸ்மார்ட்போன் வாங்குகிறீர்கள் என்றால், போனில் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று யோசியுங்கள். அவர் கையில் எது இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஆண்ட்ராய்டு இரண்டு வருடத்தில் மந்தமாகிவிடும், ஐபோன் ஆகாது என்கிறார்களே?

ஆண்ட்ராய்டு என்பது ஒரு போனின் பெயர் இல்லை, கூகுளின் இயங்குதளம். பல கம்பெனிகள், பல நூறு மாடல்கள். மலிவான மாடலில் சேமிப்புச் சில்லு மெதுவான வகையாக இருக்கும். அது நிரம்ப நிரம்ப இன்னும் இழுக்கும். விலை உயர்ந்த ஐபோனையும் அடிமட்ட ஆண்ட்ராய்டையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. அதே விலைக்குக் கிடைக்கும் ஆண்ட்ராய்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐபோனும் மந்தமாகும். பேட்டரி தேய்ந்த பழைய மாடல்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தேய்ந்த பேட்டரி கொடுக்கும் மின்சாரம் போதாமல் போன் திடீரென்று அணைந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பேட்டரியை மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. அதனால் உங்கள் பழைய போன் தவழ்ந்தால், புதிது வாங்குவதற்கு முன்பு பேட்டரியையும் மீதமிருக்கும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு கேள்வியே தீர்ந்துவிடும்.

அப்டேட் எத்தனை வருடம் வரும் என்பது அவ்வளவு முக்கியமா? நான் புதிய வசதி எதையும் பயன்படுத்துவதே இல்லை.

இது நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி. கேமராவையும் மெகாபிக்சலையும் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

புதிய பதிப்பு வேறு, பாதுகாப்புத் திருத்தம் வேறு. முன்னது வராவிட்டால் குடி முழுகிவிடாது. பின்னது நின்றுவிட்டால், கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் உங்கள் போனில் அடைபடாமலே இருக்கும். சில வருடம் கழித்துச் செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2014-ல் வந்த ஐபோன் 6, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 12-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2025-ல் வாட்ஸ்அப் குறைந்தது ஐஓஎஸ் 15.1 வேண்டும் என்று சொன்னபோது அந்த போன்களில் வாட்ஸ்அப் போய்விட்டது. பேட்டரி மாற்றி நன்றாக வைத்திருந்தவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐபோனுக்குத் திருத்தம் தருவது ஆப்பிள் மட்டும்தான். அதனால் தாமதம் இல்லை. ஒரே நாளில் எல்லோருக்கும் போகிறது. 2015-ல் ஐஓஎஸ் 9-ஓடு வந்த ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 15 வரை பெற்றது. ஆண்ட்ராய்டில் வழி நீளம். கூகுள் எழுத வேண்டும், சில்லு செய்பவர் தன் பங்கை மாற்ற வேண்டும், போன் கம்பெனி தன் தோற்றத்தை மேலே பூச வேண்டும், அப்புறம்தான் உங்களிடம் வரும். இந்தச் சங்கிலியைச் சுருக்க 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது கூகுள் அடித்தளத்தையே பிரித்து அமைத்தது. அதன் பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. 2023-ல் கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024-ல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்கள். ஆக, மேல்தட்டில் ஆண்ட்ராய்டு பின்தங்கி இருக்கிறது என்று இனி சொல்ல முடியாது. கீழ்த்தட்டில் இன்னும் இரண்டு மூன்று வருடத்தோடு கைகழுவும் மாடல்கள் உண்டு.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஏழு வருடமோ மூன்று வருடமோ, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் மீதி எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள்.

ஐபோனில் வைரஸே வராதாமே?

இரண்டிலுமே ஒவ்வொரு செயலியும் தனிப் பெட்டிக்குள் அடைபட்டுத்தான் ஓடுகிறது. கணினிக் காலத்து வைரஸ் பயம் இங்கே அப்படியே பொருந்தாது. வித்தியாசம் கதவில் இருக்கிறது. ஐபோனில் செயலி வர ஆப் ஸ்டோர் என்ற ஒரே வாசல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-லும் ஜப்பானில் 2025-லும் சட்டத்தின் கட்டாயத்தால் வேறு கடைகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) யார் அனுப்பினாலும் நிறுவ முடியும். திருடர்கள் நுழைவதும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். அப்படி நிறுவிய செயலி 'அணுகல்தன்மை' அனுமதி கேட்டால் உடனே நீக்குங்கள். பார்வை இல்லாதவர்களுக்காக வைத்த அந்த வசதி, திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் விடும்.

நீங்களே ஓ.டி.பி.யை வாசித்துக் காட்டினால் எந்த போனாலும் காப்பாற்ற முடியாது, அது வேறு விஷயம். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் இரண்டிலும் புகுந்திருக்கிறது. பத்திரிகையாளர், வழக்கறிஞர் போல யாராவது உங்களைக் குறிவைக்க வாய்ப்பிருந்தால், ஐபோனில் 2022-ல் வந்த லாக்டவுன் மோடைப் பாருங்கள்; சில வசதிகளை முடக்கித் தாக்குபவர்களுக்கான வழிகளைக் குறைக்கும் அமைப்பு அது.

அந்தரங்கம்? கூகுள் எல்லாவற்றையும் பார்க்கிறது என்று பயமாக இருக்கிறது.

கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரம். ஆப்பிளுக்குப் பெரும்பங்கு கருவி விற்பனை. இந்த வேறுபாடு நடத்தையிலும் தெரியும்: 2021 ஏப்ரலிலிருந்து ஐபோனில் செயலிகள் உங்களை மற்ற இடங்களில் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும். ஆனால் ஐபோன் வாங்கி, அதில் ஜிமெயில், குரோம், கூகுள் மேப்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு 'தப்பித்துவிட்டேன்' என்று நினைக்காதீர்கள்.

ஐபோனுக்கு மாறப் போகிறேன். வாட்ஸ்அப் உரையாடல்கள் போய்விடுமா?

போகாது, வரிசையை மாற்றாமல் செய்தால். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கில் எடுத்த பேக்கப்பை ஐபோனால் படிக்க முடியாது. பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைப் போட்டு, ஐபோனை முதல்முறை அமைக்கும்போதே மாற்ற வேண்டும். நான் முதல்முறை ஆசையாக ஐபோனை அமைத்து, வால்பேப்பர் வரை மாற்றி முடித்துவிட்டு, அப்புறம்தான் வாட்ஸ்அப்பை நினைத்தேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள் கூட வராது. கணக்குக்குள் நுழையும்போது பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டடுக்குக் குறியீட்டைத் தரும் செயலி வைத்திருந்தால், பழைய போனை அழிக்கும் முன் அதைப் புதியதற்கு மாற்றுங்கள். மறந்தால் பல கணக்குகளுக்கு வெளியே நிற்பீர்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜை (ஐபோன்களுக்கிடையே செய்தி அனுப்பும் ஆப்பிள் சேவை) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் சில நாள் உங்களுக்கு வராமலே போகலாம். பழைய போனை ஒரு மாதமாவது விற்காதீர்கள்.

தம்பி, எனக்கு எழுபது வயது. பொத்தான் போன்தான் பழக்கம். எது எளிது?

ஐயா, எழுத்தைப் பெரிதாக்குவது, வாய்விட்டுப் படிக்க வைப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. பெரிய பொத்தான்களோடு திரையையே எளிமையாக்கும் வசதி ஐபோனில் 2023 முதல் இருக்கிறது. சில ஆண்ட்ராய்டு கம்பெனிகளும் தருகின்றன. ஆனாலும் உங்களுக்கு ஆண்ட்ராய்டைத்தான் சொல்வேன். காரணம் சின்னதுதான். அமைப்புகளில் போய் திரையின் அடியில் மூன்று பொத்தான்களை வரவழைக்கலாம். 'பின்னால் போ' எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். ஐபோனில் அது செயலிக்குச் செயலி இடம் மாறும். ஓரத்திலிருந்து இழுக்கவும் பழக வேண்டும். என் அம்மாவுக்கு அந்த ஒரு பொத்தான்தான் தைரியம் கொடுத்தது.

என் ஆண்ட்ராய்டில் செய்திகள் அரை மணி நேரம் கழித்து வருகின்றன. இதற்காகவே ஐபோன் வாங்கலாமா?

பொறுங்கள். பேட்டரி அதிக நேரம் நிற்க வேண்டும் என்பதற்காகச் சில கம்பெனிகள் பின்னணியில் இருக்கும் செயலிகளைக் கழுத்தை நெரித்துவிடுகின்றன. அந்தச் செயலியின் அமைப்புக்குள் போய், பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐபோனில் குரோம் போட்டால் ஆண்ட்ராய்டு குரோம் மாதிரியே இருக்குமா?

பெயரும் புக்மார்க்கும் அதே. உள்ளே ஓடுவது ஆப்பிளின் உலாவியான சஃபாரியின் எஞ்சின். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெரும்பாலும் எல்லா உலாவிக்கும் இதே கதைதான்.

இந்த இரண்டையும் விட்டால் வேறு கதியே இல்லையா?

இருந்தது. விண்டோஸ் போன் 2010-ல் வந்தது. அதன் ஓடுகள் போட்ட திரை எனக்கு இன்றும் பிடிக்கும். செயலி இல்லை என்று ஆள் வரவில்லை, ஆள் இல்லை என்று செயலி வரவில்லை. பிளாக்பெர்ரியின் பழைய இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஓடு நின்றன. பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் இப்போது எல்ஜி டிவிகளில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. சீன நிறுவனமான ஹுவாவேயின் ஹார்மனி இயங்குதளம் 2024-ல் ஆண்ட்ராய்டு செயலிகளையே விட்டுவிட்டுத் தனியாக நடக்கத் தொடங்கியது.

கை துறுதுறுவென்று இருப்பவர்களுக்கு, பிக்சல் போன்களுக்கென்று இருக்கும் கிராஃபீன்ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட தனி இயங்குதளம்) நல்ல விளையாட்டுக் களம். அதில் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். ஒரே போன் வைத்திருப்பவர் அதில் முதல் சோதனை செய்ய வேண்டாம்.

பழைய ஐபோனா, அதே விலையில் புதிய ஆண்ட்ராய்டா?

மீதமிருக்கும் அப்டேட் வருடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், எது அதிகமோ அது. பழையது வாங்கினால், விற்பவர் உங்கள் கண் முன்னால் தன் கணக்கிலிருந்து வெளியேறி, போனை அழித்துக் காட்ட வேண்டும். 2013 முதல் ஐபோனிலும் 2015 முதல் ஆண்ட்ராய்டிலும் உரிமையாளர் கணக்குப் பூட்டு உண்டு. 'அப்புறம் பாஸ்வேர்டு அனுப்புகிறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்ச எது வசதி?

ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு போதும். இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கைக்கடிகாரம்?

ஆப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் நகராது. பிக்சல் வாட்ச், புதிய கேலக்ஸி வாட்ச் ஐபோனோடு சேராது. கடிகாரம் ஏற்கெனவே கையில் இருந்தால், போனை அது முடிவு செய்துவிட்டது.

கடைசியாக: உங்கள் சொந்த சிம் எதில் இருக்கிறது?

ஆண்ட்ராய்டில். கேபிளைச் செருகினால் கோப்புகளை விண்டோஸ் கணினியில் ஃபோல்டராகப் பார்க்கலாம் என்ற ஒரே வரிக் காரணம். குழந்தையின் வீடியோக்கள் மட்டும் ஏன் எல்லாமே ஐபோனில் இருக்கின்றன என்று வீட்டிலும் கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.