எம்15 சுற்றில் காலம் தள்ள முடியுமா? டென்னிஸ் கோச் பதில்கள்

நுங்கம்பாக்கம் பக்கம் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித் தருகிறேன். அதற்கு முன் சில வருடங்கள் ஃபியூச்சர்ஸ் போட்டிகளில் ஆடியவன். அதற்குத்தான் இப்போது எம்15, எம்25 என்று பெயர். புரொஃபஷனல் டென்னிஸின் அடிப்படி அது. பெற்றோரும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு 16 வயது. அகில இந்திய டென்னிஸ் சங்கமான ஏஐடிஏ நடத்தும் போட்டிகளில் நன்றாக ஆடுகிறான். புரொஃபஷனல் ஆனால் ஆரம்பத்தில் எவ்வளவு வரும், சார்?

முதல் சில வருடங்களுக்கு வரவுப் பக்கத்தில் எதையும் எழுதி வைக்காதீர்கள், சார். எம்15 போட்டியின் மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் 2,160 டாலர், இறுதியில் தோற்றால் 1,272. அப்புறம் மளமளவென்று இறங்கும்: அரையிறுதிக்கு 752, காலிறுதிக்கு 438, இரண்டாம் சுற்றுக்கு 258. முதல் சுற்றிலேயே தோற்றால் 156 டாலர், அதாவது நம் காசில் 13,000, 14,000 ரூபாய். பல நாடுகளில் அதிலும் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். விமான டிக்கெட், விசா, அறை, சாப்பாடு, ஸ்ட்ரிங் எல்லாம் நம் கைக்காசு.

அப்படியானால் எதற்கு ஆடுகிறார்கள்? புள்ளிக்காக. பட்டத்துக்கு 15 புள்ளி, இறுதிக்கு 8, அரையிறுதிக்கு 4, காலிறுதிக்கு 2, இரண்டாம் சுற்றுக்கு 1. முதல் சுற்றில் தோற்றவருக்கு சைபர். ஒப்பிட்டுப் பாருங்கள், இதற்கு அடுத்த படியான சேலஞ்சரில் மிகச் சிறிய போட்டியை வென்றாலே 50 புள்ளி. ஆனால் அந்த சேலஞ்சருக்குள் நுழைய ரேங்க் வேண்டும், அந்த ரேங்க் இந்த ஒன்றும் இரண்டுமாகச் சேர்ப்பதில்தான் வரும். சேர்த்ததும் நிற்காது. 52 வாரம் ஆனதும் புள்ளி கழன்றுவிடும். இந்த மார்ச்சில் பட்டம் வென்ற பையன் அடுத்த மார்ச்சுக்குள் அந்த 15-ஐ வேறெங்காவது ஈடு கட்டாவிட்டால் ரேங்க் சறுக்கும்.

பெரம்பூர், கல்லூரி மாணவர்: எல்லாரும் ஏன் துனிசியாவுக்கும் துருக்கிக்கும் ஓடுகிறார்கள், கோச்? அங்கே எளிதாகப் புள்ளி கிடைக்குமா?

எளிதாகவெல்லாம் கிடைக்காது, தம்பி. துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற இடங்களில் ஒரே ரிசார்ட்டில் வாரா வாரம் போட்டி நடக்கும். ஒரு தடவை டிக்கெட் எடுத்துப் போனால் மூன்று, நான்கு போட்டி ஆடிவிட்டு வரலாம், அதுதான் லாபம். முதல் சுற்றில் தோற்றாலும் அடுத்த திங்கள்வரை அங்கேயே பயிற்சி செய்யலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. காலை உணவில் பார்க்கும் அதே முகங்களைத்தான் மத்தியானம் வலைக்கு அந்தப் பக்கம் பார்ப்பீர்கள். பார்வையாளர் என்றால் மற்ற ஆட்டக்காரர்கள்தான். வாடகை குறைய ஒரு அறையில் இருவர் தங்குவார்கள், சில சமயம் அந்த இருவரே எதிரெதிரே ஆட வேண்டியும் வரும். டி-ஷர்ட்டைக் குளியலறையில் துவைத்து பால்கனியில் காயப்போடுவது தினசரி வேலை. கோச் கூட வருவது ரொம்ப அபூர்வம், ஏனென்றால் அவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமே! தோற்ற அன்று பேச ஆள் இருக்காது என்பதுதான் பெரிய கஷ்டம் என்பேன். பேக்ஹேண்டைச் சரி செய்துவிடலாம், இதற்குப் பழகுவது கடினம்.

சூளைமேடு வாசகர்: சென்னை ஓபன் இப்போது எந்த லெவல்? நடால் ஆடிய போட்டிதானே?

அது பழைய கதை. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் ஏடிபி டூர் போட்டி, அதாவது ஆண்கள் புரொஃபஷனல் டென்னிஸின் மேல்மட்டப் போட்டி, நடந்தது. 2008 இறுதியில் ரஷ்யாவின் யூஷ்னி 6-0, 6-1 என்று நடாலை உரித்தெடுத்தார். முந்தைய நாள் மோயாவோடு நான்கு மணி நேரம் மல்லுக்கட்டியதில் நடாலின் காலே ஓய்ந்துபோயிருந்தது. பிறகு அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. இப்போது இங்கே ஆண்களுக்கு நடப்பது சேலஞ்சர்.

அதைக் குறைவாக நினைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் சுமித் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னார். அப்போது ஒற்றையரில் இந்தியாவின் முதல் இடம் அவருக்கு. அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றைத் தாண்டி, அந்தப் போட்டிக்கான தரவரிசையில் (சீடிங்) 31-ஆம் இடத்திலிருந்த பப்ளிக்கையும் வீழ்த்தினார். கிராண்ட் ஸ்லாமில் சீடிங் பெற்ற ஒருவரை இந்திய ஆண் வீழ்த்தியது 1989-இல் நம்ம ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கிடைத்த பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த மாதமே சென்னை சேலஞ்சரை வென்று முதல் 100-க்குள் வந்தார். அடுத்த முறை போட்டி நடக்கும்போது தகுதிச் சுற்றைப் போய்ப் பாருங்கள். கூட்டமும் இருக்காது, பசியோடு ஆடுகிறவர்களை அங்கேதான் பார்க்கலாம்.

போரூர், ஐடி ஊழியர்: எந்த ரேங்கில் கையைக் கடிக்காமல் இருக்கும்?

சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2013-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து ஆராய்ந்தது. ஆண்களில் 336, பெண்களில் 253 என்ற ரேங்க் வாக்கில்தான் வரவும் செலவும் சரியானது, அதுவும் கோச் சம்பளத்தைச் சேர்க்காமல். பெரிய பணம் பார்க்கும் உச்சி ஒரு சதவீதத்தில் சேர்வதற்கு முன் கடனில்லாமல் இருப்பதே சாதனை என்று இதற்குப் பொருள்.

உண்மையான கோடு 230, 250 வாக்கில் என்பது என் கருத்து. கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றில் இடம் கிடைப்பது ஏறக்குறைய அங்கிருந்துதான். 2024 விம்பிள்டனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 15,000 பவுண்டு. வருடத்துக்கு நான்கு தடவை அப்படி ஒரு காசோலை வந்தால் மிச்ச மாதங்களை ஓட்டிவிடலாம். 2024-இல் தொடங்கிய குறைந்தபட்ச வருமானத் திட்டத்தையும் ஏடிபி முதல் 250 பேருக்குத்தான் வைத்தது. 251-க்கு அப்புறம் அவரவர் சாமர்த்தியம்.

சாமர்த்தியம் என்று சும்மா சொல்லவில்லை. ஜெர்மனி, பிரான்ஸ் கிளப்புகள் லீக் ஆட்டங்களுக்கு ஆள் எடுக்கின்றன, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும். போட்டிப் பரிசைவிட அதில் அதிகம் பார்த்தவர்கள் உண்டு.

அடையாறு, ஒரு அம்மா: பொண்ணு பிளஸ் டூ. அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பலாமா, நேராக புரொஃபஷனலா?

கல்லூரிதாம்மா. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நான்கு வருடம் மைதானம், கோச், ஜிம், ஆட்டம் எல்லாம் கிடைக்கிறது, கையில் பட்டமும் வருகிறது. 18 வயதில் தனியாக மொனாஸ்டிர் போய் நிற்பதைவிட 22 வயதில் உடம்பு தேறிப் போவது மேல். சோம்தேவ் தேவ்வர்மனைப் பாருங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரிச் சாம்பியன். 2009 ஜனவரியில் வைல்டு கார்டில், அதாவது ரேங்க் பார்க்காமல் போட்டி நடத்துபவர்கள் தரும் இடத்தில், உள்ளே வந்து சென்னை ஓபன் இறுதிவரை போனார். ஒரு விஷயம் மட்டும்: போட்டிகளில் பரிசுப் பணம் வாங்குவது பற்றி அந்தக் கல்லூரிகளுக்கு விதிகள் உண்டு, அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. எதையும் வாங்குமுன் சேரப்போகும் கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள்.

அண்ணா நகர்: ஒற்றையர் சரிப்படவில்லை. 20 வயதிலேயே இரட்டையருக்கு மாறிவிடலாமா?

வேண்டாம். சின்னப் போட்டிகளில் இரட்டையர் பரிசு ஒற்றையரைவிடக் குறைவு, அதையும் இருவர் பிரிக்க வேண்டும். கொஞ்ச காலம் இரண்டையும் ஆடுங்கள். சென்னை ஜோடி ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024-இல் ஹாங்சோவில் ஏடிபி பட்டம் வென்றது முப்பதைத் தாண்டிய பிறகுதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: தோற்ற இரவில் இன்ஸ்டாகிராமில் கெட்ட வார்த்தைகளாக வந்து குவிகின்றன. ஒருவர் மட்டும் மரியாதையாக, "முதல் செட்டை விட்டுக்கொடுத்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார். என்ன செய்ய?

திட்டுகிறவர்கள் பந்தயத்தில் காசு விட்டவர்கள். பிளாக் செய்துவிட்டுத் தூங்குங்கள். மரியாதையாக எழுதியவர்தான் ஆபத்து. பதில் போடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றைக்கே சர்வதேச டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏ-வுக்குத் தெரிவியுங்கள். நீங்கள் சம்மதிக்காவிட்டாலும், வந்த அழைப்பை மறைப்பதே குற்றம், அதற்கே தடை விழும்.

156 டாலருக்கு ஆடுகிற பையனின் ஒவ்வொரு பாயிண்டும் நேரலையில் பந்தயக்காரர்களுக்குப் போகிறது. கீழ்மட்ட ஆட்டங்களின் ஸ்கோர் தரவை இப்படி விற்றதுதான் சூதுக்கு வழி திறந்தது என்று 2018-இல் ஒரு சுயாதீனக் குழுவே சொன்னது. ஆட்டக்காரனுக்குச் சோறு போட முடியாத ஆட்டத்தை வைத்து மற்றவர்கள் சம்பாதிப்பதில் எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் விசாரணையில் உங்களைக் காப்பாற்றாது.

தாம்பரம்: 24 வயது, முழங்காலில் இரண்டாவது காயம். விட்டுவிடலாமா?

டாக்டர் விடச் சொன்னால் விடுங்கள். வயதுதான் காரணம் என்றால் பிரஜ்னேஷ் குணேஸ்வரனைப் பாருங்கள், நம்ம ஊர்க்காரர். முழங்கால் காயங்களில் வருடக்கணக்காகப் போன பிறகு, 29 வயதில், 2019-இல் 75-ஆம் ரேங்க். அதே வருடம் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் பிரதானச் சுற்றில் ஆடினார்.

கொளத்தூர்: விளையாட்டு கோட்டாவில் வேலை கிடைத்தால் ஆட்டம் கெட்டுவிடுமா?

கெடாது. மாதச் சம்பளம் வரும், போட்டிக்கு விடுப்பும் தருகிற இடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

வேளச்சேரி, ஒரு அப்பா: மகளுக்கு இப்போதுதான் 14 முடிந்தது. ஐபின் (சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் ஆட்டக்காரர் பதிவு எண்) எடுத்து, பெண்களுக்கான டபிள்யூ15 போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கலாமா?

விதிப்படி 14 முடிந்தால் ஆடலாம், சார். ஆனால் அந்த வயதில் வருடத்துக்கு இத்தனை போட்டிதான் என்று உச்சவரம்பு உண்டு, வயது ஏற ஏற அது தளரும். ஐபின் எடுங்கள், ஜூனியர் போட்டிகளுக்கும் அது வேண்டும். டபிள்யூ15-ஐ நம் நாட்டில் நடக்கும்போது ஒன்றிரண்டு ஆடட்டும், தகுதிச் சுற்றில் தோற்றாலும் பரவாயில்லை. பெயர் கொடுக்கும் கடைசி நாள் போட்டிக்கு இரண்டு வாரத்துக்கும் முன்னாலேயே வந்துவிடும், பள்ளிக்கூடப் பரீட்சை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.