பழைய பிளேட்டிங் ஷெட்டில் மசாலா அரைக்கலாமா?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் முன்பு குரோம் பிளேட்டிங் (உலோகப் பூச்சு) நடந்த ஷெட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறார் வாசகர் ஒருவர். தரையெல்லாம் மஞ்சள் கறை. "ஆசிட் விட்டுக் கழுவி, டைல்ஸ் ஒட்டி மசாலா யூனிட் போடலாமா?" என்று கேட்கிறார்.

தயவுசெய்து ஆசிட்டைத் தொடாதீர்கள். பிளேட்டிங் பட்டறைகளில் துத்தநாகம், செம்பு பூச சயனைடு கரைசலும் புழங்கியிருக்கலாம். அதன் மிச்சத்தில் ஆசிட் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும்.

மஞ்சள் கறை பெரும்பாலும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம். அதன் தூசி நுரையீரல் புற்றுநோய் தரும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஊறியிருப்பதால், கழுவினால் போனதுபோல் தெரிந்து, தரை காயக் காய மறுபடி பூக்கும். டைல்ஸ் இடுக்கிலும் வரும்.

முதலில் சோதனை. தொட்டி நின்ற இடம், வடிகால் ஓரம், சம்ப் அருகே தரையைத் துளைத்து, 15 செ.மீ., அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் மண் எடுக்கச் சொல்லுங்கள். குரோமியம் மண்ணில் இயல்பாகவும் இருக்கும்; அதனால் ஹெக்ஸாவேலன்ட் அளவைத் தனியே கேளுங்கள். போர்வெல் நீருக்கு இரண்டு பாட்டில். மொத்த குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் ஆசிட் சேர்ப்பார்கள். ஹெக்ஸாவேலன்ட் பாட்டிலில் சேர்த்தால் அளவு குறைவாகக் காட்டும். அதை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்கவேண்டும். குடிநீரில் மொத்த குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. கொதிக்கவைத்தால் குரோமியம் போகாது. நீர் வற்றி இன்னும் செறிவாகும்.

கறை ஊறிய கான்கிரீட்டை ஈரப்படுத்தியே உடைக்கவேண்டும். துணி மாஸ்க் உதவாது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 கார்ட்ரிட்ஜ் மாஸ்க், நைட்ரைல் கையுறை கட்டாயம். கழுவிய நீர் ஒரு சொட்டும் மோரிக்கு (சாக்கடைக்கு) போகக்கூடாது. பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். சயனைடு இல்லையென்று உறுதியானபின் அதில் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரையுங்கள்; அது ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தை நச்சு குறைந்த வடிவமாக மாற்றும். ஒரு கிராம் ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்குக் கணக்குப்படி 16 கிராம். நடைமுறையில் இரட்டிப்பாகப் போடுவது நல்லது. லிட்டருக்கு 10 மி.கி. உள்ள ஆயிரம் லிட்டருக்கு சுமார் 320 கிராம். பிறகு சுண்ணாம்பு சேர்த்து பிஎச் 8 முதல் 8.5 வரை கொண்டுவந்தால் சேறாக அடியில் படியும். அதில் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் விஷம் பழைய நிலைக்கே திரும்பும்.

சேறும் உடைத்த கான்கிரீட்டும் அபாயக் கழிவு. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற கிடங்குக்கு மேனிஃபெஸ்ட் படிவத்தோடுதான் (கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற பதிவு) போகவேண்டும். குப்பை லாரியில் ஏற்றக்கூடாது. இடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ, அவரைத்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும். ஆகவே ஷெட்டில் கிடக்கும் பழைய கெமிக்கல் டிரம்களை ஓனரே அப்புறப்படுத்தி, மேனிஃபெஸ்ட் நகலும் சோதனை அறிக்கையும் கொடுக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், சாவியும் வாங்காதீர்கள்.

அடிமண்ணிலும் குரோமியம் இருந்தால், உணவுத் தொழிலுக்கு வேறு ஷெட் பாருங்கள்.