குழந்தைகள் திறக்க முடியாத மூடிக்குச் சான்றிதழ் இருக்கிறது, பாட்டில் வேறு ஆலையுடையது: அமெரிக்க ஏற்றுமதிக்குப் போதுமா?

போதாது. அந்தச் சான்றிதழ், மூடிக்காரர் எந்தப் பாட்டிலோடு சேர்த்துச் சோதித்தாரோ அந்த ஜோடிக்குத்தான். அமெரிக்க விதி பார்ப்பது மொத்தப் பொதியை.

உங்கள் வாங்குநர் இந்தச் சான்றிதழை ஏற்க மறுத்திருந்தால், அதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். கழுத்து மரையோ மூடிக்குள்ளே வரும் லைனரோ (கசிவைத் தடுக்கும் மெல்லிய வட்டு) கொஞ்சம் மாறினாலே, அழுத்தித் திருப்ப வேண்டிய மூடி அழுத்தாமலே கழன்று வரலாம்.

ஒரு பக்கச் சான்றிதழை விடுங்கள், முழுச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கழுத்து அளவு, பாட்டில் பிளாஸ்டிக், லைனர், மூடும் டார்க் (மூடியை இறுக்கும் முறுக்கு விசை) எல்லாம் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மறுசோதனைதான்.

டார்க்கை ஏற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். சோதனையில் 42 முதல் 51 மாதக் குழந்தைகளில் குறைந்தது 80% பேர் பத்து நிமிடத்தில் திறக்க முடியாமல் போக வேண்டும், சரி. ஆனால் 50 முதல் 70 வயதுள்ளவர்களில் 90% பேர் அதைத் திறந்து, மறுபடி சரியாக மூடவும் வேண்டுமே! கண்டபடி இறுக்கினால் அங்கே தோற்பீர்கள்.

அப்புறம், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எந்தப் பொதிக்கும் ஒப்புதல் முத்திரை தருவதில்லை. விற்பவர் அப்படி ஏதாவது காட்டினால் உஷார்.