ஒன்றரை மடங்கு வேகம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் மன்னார்குடிப் பக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் சேஃப்டி சூப்பர்வைசர். தங்கியிருப்பது ஈசூனில். போக வர எம்ஆர்டி ரயிலில்தான் படம் பார்ப்பேன். சமீபத்தில் மகாராஜா, மெய்யழகன், கொட்டுக்காளி, டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்து முடித்தேன். மெய்யழகனும் கொட்டுக்காளியும் ரொம்ப மெதுவாகப் போனதால் 1.5 வேகத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படியும் மெய்யழகன் இழுவைதான். ஊரில் தியேட்டரில் பார்த்த என் மனைவி அழுதுவிட்டதாகச் சொல்கிறாள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. கொட்டுக்காளிக்கு முடிவே இல்லை. மெதுவாக எடுத்தால்தான் நல்ல படமா? இத்தனை தமிழர்கள் இருந்தும் சிங்கப்பூரிலிருந்து ஏன் ஒரு நல்ல தமிழ்ப் படம்கூட வரவில்லை? நீங்கள் சமீபத்தில் பார்த்ததில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

ரா., ஈசூன்

*

அன்புள்ள ரா.,

படம் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. 'நல்ல படம் சொல்லுங்கள்' என்று கேட்பவர்களுக்கு இணையத்தில் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை மட்டும் மூடி வைக்க முடியவில்லை. காரணம் அந்த 1.5. சில மாதங்களாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. என் தங்கை மகன் அப்படித்தான் பார்க்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் சீரியலை இரண்டு மடங்கில் ஓடவிட்டுக்கொண்டு துணி மடிக்கிறாள். சீரியலுக்கு அது தகும், நான் எதுவும் சொல்லவில்லை.

கொட்டுக்காளி எவ்வளவு நேரப் படம்? ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஒன்றரை மடங்கில் பார்த்து நீங்கள் மிச்சம் பிடித்தது அரை மணிக்குச் சற்று மேல். அந்த அரை மணியில் என்ன செய்தீர்கள் தம்பி? அடுத்த படத்தைப் போட்டீர்கள். அதையும் 1.5-இல். கோபமாகத்தான் கேட்கிறேன்.

அந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. இருப்பது ஆட்டோ சத்தம், பைக் சத்தம், காற்று, கோழி, மனிதர்களின் பேச்சு. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது ஒரு குடும்பம். அவள் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவன் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வருகிறான். நடுவழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. அத்தனை நேரம் மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆண்பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. அதில் கதை ஒரு வரிகூட இல்லை. அவர்கள் நிற்கும் அந்த நேரம்தான் காட்சி. அதை வேகமாக ஓட்டினால் என்ன மிஞ்சும்? ஒரு மாடு, ஒரு பாப்பா. இயக்குநர் வினோத்ராஜ் அந்தப் படத்தை 2024-இல் பெர்லின் திரைப்பட விழாவுக்குக் கொண்டுபோனார். அங்கே இருட்டில் உட்கார்ந்து, தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர்கள் முழுசாகப் பார்த்தார்கள். மன்னார்குடிக்காரர் உங்களுக்கு அவசரம்.

மகாராஜா பற்றி விரிவாகக் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். திரைக்கதை கெட்டிக்காரத்தனமானது, விஜய் சேதுபதி அடக்கி வாசித்திருந்தார், ஆனால் ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடூரத்தைக் கடைசித் திருப்பத்துக்காக ஒளித்து வைத்து எடுத்துக் காட்டியது எனக்கு ஒப்பவில்லை. டூரிஸ்ட் ஃபேமிலி இனிமையான படம். தெருவில் இருக்கும் அத்தனை பேரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஈழத்திலிருந்து கடல் தாண்டி வந்த குடும்பத்துக்கு நிஜத்தில் எத்தனை கதவு திறந்தது என்று கேட்கத் தோன்றியது. சசிகுமார் சிரிக்கும்போது மறந்துபோனேன். இந்த இரண்டு படங்களுக்கும் இவ்வளவு போதும்.

மெய்யழகனுக்கு வருகிறேன்.

படம் முதலில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். காரணம் உங்களைப் போன்றவர்கள் சொன்ன அதே புகார். நான் வெட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். அந்த இரவு முழுக்க நீளும் பேச்சில் எனக்கும் ஓரிடத்தில் அலுப்புத் தட்டியது. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அலுப்பு யாருடையது என்று யோசியுங்கள். அரவிந்த் சாமி தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். சொந்தக்காரர்களோடு வந்த சொத்துத் தகராறில் 1996-இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுவிட்டுப் போன ஆள். பஸ் போய்விடுகிறது. பெயர்கூட ஞாபகம் வராத ஓர் உறவுக்காரன் (கார்த்தி) 'அத்தான் அத்தான்' என்று ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு இழுத்துப்போகிறான். பேசுகிறான், பேசுகிறான், விடிய விடியப் பேசுகிறான். அரவிந்த் சாமிக்குத் தப்பிக்க வழியில்லை. நமக்கும் இருக்கக்கூடாது என்பதுதான் இயக்குநர் பிரேம்குமார் கட்டிய கட்டு. 'இந்த ஆள் எப்போது வாயை மூடுவான்' என்று அவரோடு சேர்ந்து நாமும் நினைக்க வேண்டும். நினைத்துக்கொண்டே இருந்து, எப்போதென்று தெரியாமல், அந்த ஆள் பேச்சை நிறுத்திவிடக்கூடாதே என்று நினைக்கத் தொடங்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். அரவிந்த் சாமிக்கு ஓர் இரவு பிடித்தது. பிரேம்குமார் உங்களிடம் கேட்டது அதில் பாதிகூட இல்லை.

நீங்கள் அந்த வேகப் பொத்தானை அழுத்தியபோது செய்தது இதுதான். அவரை அங்கே மாட்டிவிட்டு நீங்கள் மட்டும் பஸ் ஏறிவிட்டீர்கள். அப்புறம் அவர் ஏன் அழுகிறார் என்று புரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்? தலைவாழை இலை போட்டுப் பரிமாறியதை மிக்ஸியில் அடித்துக் குடித்துவிட்டு, ருசியே இல்லை என்று சமையல்காரரைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது.

கல்யாண மேடையில் தங்கை பரிசைப் பிரிக்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்கவில்லை அவள். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், ஒவ்வொரு நகையாக எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். கொலுசை அண்ணனே போட்டுவிடுகிறான். அந்தக் காட்சி எவ்வளவு நேரம் போக வேண்டும்? ஒரு பெண் நகை போட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். நான் தியேட்டரில் முன்வரிசைப் பையன்கள் வரை மூச்சுக் காட்டாமல் இருந்ததைப் பார்த்தேன். உங்கள் மனைவி எந்த இடத்தில் அழுதார் என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், கடிதத்திலேயே தெரிகிறது. 'எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை' என்று போனில் சொல்லி முடித்திருப்பீர்கள். நீங்கள் இருவரும் பார்த்தது ஒரே படம் இல்லை, தம்பி. அவர் பார்த்தது பிரேம்குமார் எடுத்தது. நீங்கள் பார்த்தது கைப்பேசி எடுத்தது. இத்தனைக்கும் ஊரைவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது நீங்கள்.

வேகமாக ஓட்டுவது புதுசும் இல்லை. பேசாப் பட காலத்தில் புரொஜெக்டரைக் கையால் சுழற்றுவார்கள். கூட்டம் அதிகமென்றால் இன்னொரு ஷோ போடுவதற்காக ஆபரேட்டர் வேகமாகச் சுழற்றுவார். ஜனங்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் திரையில். பிறகு 1920-களின் கடைசியில் படம் பேசத் தொடங்கியது. ஒலியும் படமும் சேர்ந்து போக வேண்டுமே, வினாடிக்கு 24 சட்டகம் என்று நிலைத்தது. வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சென்று மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அந்தக் காவலும் போய்விட்டது. செயலி குரலைச் சரிசெய்து கொடுத்துவிடுகிறது, கார்த்தி கார்த்தி மாதிரியேதான் பேசுகிறார், உங்களுக்கு எதையும் இழந்த மாதிரியே தெரிவதில்லை. அந்த ஆபரேட்டராவது நாலு டிக்கெட் கூடுதலாக விற்றார்.

களைப்பாக இருக்கிறது, நேரமில்லை என்பீர்கள். தெரியும். ஈசூனிலிருந்து ஜூரோங் ஈஸ்ட், அங்கே மாறி துவாஸ் லிங்க், நாள் முழுக்க வெயிலில் ஹெல்மெட். என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் ஷிப்டு வேலை பார்த்தவர். எண்பதுகளில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு வீடியோ பிளேயர் வந்து சேர்ந்தது. சிராங்கூன் ரோட்டில் கேசட் வாடகைக்கு எடுப்போம். எல்லாம் பலர் கை மாறிய கேசட்டுகள். ஜனங்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த இடங்களில் நாடா தேய்ந்து, திரையில் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். பாட்டு வரப்போகிறது, இல்லை அம்மா சாகப்போகிறாள் என்று அந்தக் கோட்டைப் பார்த்தே நாங்கள் சொல்லிவிடுவோம். அந்தக் கோட்டைச் சரிசெய்யும் டிராக்கிங் பொத்தானைத் திருகிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என் வேலை.

அப்பா குளித்துவிட்டு பனியனோடு வந்து உட்காருவார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அரை மணியில் தூங்கிவிடுவார். படம் முடிந்து நாங்கள் கேசட்டை வெளியே எடுக்கும் சத்தத்தில் விழித்துக்கொண்டு, 'நான் எங்கே விட்டேன்?' என்பார். மறுநாள் சாயங்காலத்துக்குள் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு. அம்மா, 'மிச்சக் கதையை நான் சொல்லிடறேன், படுங்க' என்பார். அதற்கு அவர், 'கதை எனக்கு எதுக்கு? படத்தைப் போடு' என்பார்.

நான் பின்னோக்கி ஓட்டுவேன். 'இது பார்த்தேன், இன்னும் கொஞ்சம், ஆங், இங்கே' என்று சரியான இடத்தைப் பிடித்துவிடுவார். மறுபடி உட்கார்ந்து பார்ப்போம். தம்பிகள் முனகிக்கொண்டே படுக்கப் போவார்கள். நான் போக மாட்டேன், டிராக்கிங் இருக்கிறதே. பல படங்களின் பின்பாதியை நான் அப்படித்தான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை திரையைவிட அதிகமாக அவரைத்தான் பார்த்திருக்கிறேன். நாகேஷ் வந்தால் சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கும். நாலு மணி நேரத்தில் மறுபடி பட்டறைக்குப் போக வேண்டிய மனிதர்.

ஆகவே களைப்பைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். நாளைக்கு விட்ட இடத்திலிருந்து பாருங்கள். உங்களிடம் வாடகை கேட்க ஆளில்லை.

மெதுவாக எடுத்தால்தான் நல்ல படமா என்றால், இல்லை. விழாக்களுக்காகவே எடுக்கப்பட்டு, சொல்ல ஒன்றுமில்லாமல் கேமராவை ஒரு சுவர்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன இயக்குநர்களின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். நீங்களும் எழுந்து போங்கள், அது மரியாதையான செயல். உட்கார்ந்து வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு நல்ல தமிழ்ப் படம்கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூவின் மை மேஜிக் பெரும்பாலும் தமிழில் பேசும் படம். குடிகார வித்தைக்காரனும் அவன் மகனும். 2008-இல் பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவின் பிரதானப் போட்டியில் நின்றது; இந்த நாட்டிலிருந்து அந்தப் போட்டிக்குப் போன முதல் படமே அதுதான். கே. ராஜகோபாலின் எ யெல்லோ பேர்ட் 2016-இல் கானில் விமர்சகர் வாரம் என்ற பிரிவுக்குப் போனது. சிறையிலிருந்து வெளியே வரும் ஒரு தமிழனின் கதை. ஏன் இன்னும் நிறைய வரவில்லை என்பது நியாயமான கேள்வி, வேறொரு நாள் திட்டுவதற்கு வைத்துக்கொள்கிறேன்.

கொட்டுக்காளியின் முடிவு. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப்போகிற பாண்டி, சாமியாடியின் இடத்துக்கு வந்து சேர்கிறான். அங்கே வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பார்க்கிறான். படம் அவன் முகத்தில் நிற்கிறது. வழியில் ஒலிபெருக்கியில் வந்த பாட்டை அந்தப் பெண், மீனா, முணுமுணுத்ததற்காக அகப்பட்டவரையெல்லாம் அடித்தவன் அவன். இனி அவளை உள்ளே கூட்டிப்போவானா, திரும்பிப் போவானா? நீங்களே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, சாதாரண வேகத்தில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் என்ன நினைக்கிறேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முன்னாலேயே சொல்லிவிட்டால் நீங்கள் படம் பார்க்க மாட்டீர்கள்.

பட்டியல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரயிலில்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால் லப்பர் பந்து பாருங்கள். தமிழரசன் பச்சமுத்துவின் படம். கிரிக்கெட்டும் சாதியும் மாமனார் மருமகன் சண்டையும் ஒரே மைதானத்தில். சுவாசிகா வரும் இடங்களில் கண்ணை எடுக்காதீர்கள், புருஷனைத் திட்டுவது எப்படி என்று என் வயதில் நானே புதிதாகக் கற்றுக்கொண்டேன். துவாஸ் லிங்க் வந்தால் நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் திரும்பி வரும்போதும் மாமனாராக வரும் தினேஷ் பேட்டோடு கிரீஸில்தான் நிற்பார், அவுட் ஆக மாட்டார்.

அன்புடன்,
அக்கா