இளைஞர் பணியை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா? சர்வதேச அளவில் இளைஞர் தலைவராவது எப்படி?

கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் என்றால் பேசாமல் கடந்து போயிருப்பேன். இரண்டாம் பாதிதான் இழுத்துப் பிடித்துவிட்டது. உங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும் என்று நினைக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பின்னால் கொடிகள் வரிசையாக நிற்க, யாரோ போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன்.

இளைஞர் பணி வேறு, இளைஞர் தலைமை வேறு. முன்னது, இளைஞர்களோடு கூடவே இருந்து அவர்களுக்குத் துணைநிற்கும் தொழில். பின்னது மருந்துப் பட்டை மாதிரி, பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். ஐ.நா. புள்ளிவிவரக் கணக்கில் 15 முதல் 24 வயதுவரைதான் இளைஞர். காமன்வெல்த்தில் 15 முதல் 29. அமைதி, பாதுகாப்பில் இளைஞர்களுக்கும் இடம் வேண்டும் என்று பாதுகாப்புச் சபை 2015 டிசம்பரில் நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானத்தில் 18 முதல் 29. இந்த எல்லாக் கணக்கிலிருந்தும் கழிந்து போனவன் நான். முப்பது முடிந்த அடுத்த வாரம் ஒரு பயிலரங்குக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் என் ஆண்டே இல்லை. இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

ஜயத்மா விக்ரமநாயக்கவைச் சொல்வீர்கள், தெரியும். இலங்கையிலிருந்து போய் 2017இல், 26 வயதில், ஐ.நா. பொதுச்செயலாளரின் இளைஞர் தூதரானார். எனக்கும் பெருமைதான். ஆனால் உலகம் முழுவதற்கும் அது ஒரே ஒரு நாற்காலியாகத்தான் இருந்தது. அவருக்கு முன்பு அதில் இருந்த அஹ்மத் அல்ஹந்தாவி அடுத்து எங்கே போனார் தெரியுமா? உலக சாரண அமைப்பின் பொதுச்செயலாளராக. இளைஞர் பணிக்கே திரும்பிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி என் கதை. அப்போது ஒரு சின்ன இளைஞர் மையத்தை நடத்திவந்தேன். வாரத்தில் மூன்று மாலை திறப்போம். ஒரு பையன் வருவான், பதினாறு வயது இருக்கும். கதவை ஒட்டிய நாற்காலியில், பையை மடியிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருப்பான். நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. நானும் கிண்டவில்லை. ஒருநாள் எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்க உதவிக்கு வந்தான். இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், முக்கியமான பேச்செல்லாம் நாற்காலி அடுக்கும்போதுதான் வரும். முகம் பார்க்க வேண்டாம், கைக்கும் வேலை இருக்கும். எட்டு நாற்காலி அடுக்கியிருப்போம், "வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா சார்?" என்றான். அன்று கொஞ்சம் பேசினான். மீதியை அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் நான் ஒரு சர்வதேச மாநாட்டில் இருந்தேன்.

அங்கே எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். உரையை 'சரிபார்த்து' கொடுத்தார்கள், அதில் என் வாக்கியம் இரண்டுதான் மிஞ்சியிருந்தது. பேசி முடித்ததும் படம் எடுத்தார்கள். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில், சிறுவர்களின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்பது அவர் கணக்கு: ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு வைப்பது, பெயருக்குச் சேர்ப்பது. நான் அன்று எந்தப் படியில் நின்றேன் என்று இன்றுவரை எனக்குள் தகராறு.

வாய்ப்பு கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: நான்கு முறை கிடைத்தது, நான்கு முறையும் போனேன். நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். போகாதே என்று சொல்லவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த விமானப் பயணத்துக்கு முதலில் என் கைப்பணத்தைப் போடச் சொன்னார்கள். திரும்பி வந்து கணக்குக் கொடுத்தால், போர்டிங் பாஸின் கிழித்த துண்டு வேண்டுமாம். மேடையில் நான் பேசிய காணொளி அவர்கள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் நான் விமானத்தில் வந்ததற்கு அத்தாட்சி இல்லை. ஏழு மாதம் கடிதம் எழுதினேன். கையில் காசில்லாத இளைஞன் இந்தப் பக்கமே வர முடியாது என்பதை எந்த மேடையிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சரி, தொழிலுக்கு வருகிறேன். பிழைக்கலாம், சொகுசாக இருக்க முடியாது. சம்பளம் பெரும்பாலும் திட்ட நிதியோடு வரும், திட்டம் முடிந்தால் அதோடு போகும். நிதி கேட்டு எழுதவும், கணக்கு வைக்கவும், சிறார் பாதுகாப்பு விதிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சைவிட இவைதான் சோறு போடும். வெளிநாட்டு அனுபவம் வேண்டுமென்றால் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதினருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, வாழ்க்கைச் செலவுக்குப் படியும் தருகிறார்கள். மாநாடுகளைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தப் பையனா? நான் இல்லாத வாரம் இரண்டு மாலை வந்து கதவருகே நின்றுவிட்டுப் போனதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மையத்துக்கு ஒரே சாவி, அதுவும் என் பெட்டிக்குள் மாநாட்டுக்கு வந்திருந்தது. அதன் பிறகு அவன் வரவில்லை. வீட்டைத் தேடிப் போனேன், காலி செய்துவிட்டிருந்தார்கள்.

நீங்கள் மாநாட்டுக்குப் போகும்போது சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.