புண்ணில் கட்டும் படலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாக்டீரியாக்கள் தமக்குள் சேதி அனுப்பிக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். கட்டைப் பிரித்தால் துணியில் பச்சையாக ஒட்டியிருக்கிறது. சூடோமோனாஸ் படலம் கட்டிவிட்டது, சுரண்டி எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மருந்துக்கே கரையாதா? அந்தக் கிருமி கொழுப்பும் தயாரிக்கும் என்றீர்களே, அது எதற்கு?

செல்வி

அன்புள்ள செல்வி,

டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள். படலம் என்பது கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசின் போலக் கட்டிக்கொள்ளும் அடுக்கு. தனியாக நீந்தும் கிருமியைக் கொல்கிற மருந்து, படலத்துக்குள் இருப்பதை அப்படிச் சுலபமாகக் கொல்லாது. சுரண்டினால்தான் மருந்துக்கு வழி கிடைக்கும்.

துணியில் நீங்கள் பார்த்த பச்சை, சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் நிறமி. இந்தக் கிருமி சின்னச் சின்ன மூலக்கூறுகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்; அவைதான் அது அனுப்பும் சேதி. கூட்டம் சேரச் சேர அவையும் சுற்றிலும் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாக் கிருமிகளிலும் ஒரே சமயத்தில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்படியொரு சேதியைத் தயாரிக்க முடியாத சூடோமோனாஸை வளர்த்துப் பார்த்தார்கள். அதன் படலம் தட்டையாக, மெல்லிசாக இருந்தது; சோப்பு ரசாயனம் பட்டதும் கலைந்தது. அந்தச் சேதியை வெளியிலிருந்து ஊற்றியபோது பழையபடி கனமாகக் கட்டியது! எனக்கு இன்றும் வியப்பு தீராத சோதனை இது.

இனி கொழுப்பு. இன்னொரு சேதி மூலக்கூறு, ஆர்எச்எல்-ஆர் என்ற புரதத்தோடு சேர்ந்து இரண்டு மரபணுக்களை முடுக்கும். முதல் மரபணுவின் நொதி இரண்டு கொழுப்பு அமிலங்களைக் கோத்துக் கொடுக்கும், அடுத்ததன் நொதி அதில் ராம்னோஸ் என்ற சர்க்கரையை ஒட்டும். இப்படி வருவதுதான் ராம்னோலிப்பிட். ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் தண்ணீர் என்று இரண்டோடும் சேருகிற சாமான், அதாவது சோப்பு. மெழுகுத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கும். ராம்னோலிப்பிட் கலந்த சொட்டு அப்படியே பரந்து படுத்துவிடும்.

படலத்துக்குள் நீரும் சத்தும் போய்வர வாய்க்கால்கள் உண்டு. அவை அடைபடாமல் பார்த்துக்கொள்வது இந்தச் சோப்புதான். இதைத் தயாரிக்க முடியாத கிருமியின் படலத்தில் வாய்க்கால்கள் தூர்ந்துபோகும். அளவுக்கு மீறிச் சுரந்தாலோ படலமே பிய்ந்துவிடும். அதனால்தான் சேதி சொல்லும் நேரத்தில் மட்டும் தயாரிப்பு. அப்புறம், நம் உடம்புக்குக் கெட்ட செய்தி ஒன்றும் உண்டு: கிருமியை விழுங்க வருகிற வெள்ளையணுக்களை இதே ராம்னோலிப்பிட் உடைத்துக் கொல்கிறது. புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதில் இதற்கும் பங்குண்டு.

சேதியை இடையில் மறித்தால் படலமே கட்டாதே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த ஆராய்ச்சி நடக்கிறது, அம்மாவின் காலுக்கு அது வரும்வரை காத்திருக்க முடியாது. சுரண்டிய இடத்தில் படலம் மறுபடி கட்டப் பார்க்கும். ஒரே தடவையில் முடியவில்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள். சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருங்கள். புண்ணின் அடியில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.