வாகனத்தில் ஏசி போடாமலே கொம்பிரசர் பக்கம் கரகரக்கிறது, முழுதாக மாற்ற வேண்டுமா?
அவசரப்படாதீர்கள். கிளட்ச் (ஏசி போடும்போது மட்டும் கொம்பிரசரைச் சுழல வைக்கும் பாகம்) உள்ள கொம்பிரசரில் ஏசியை நிறுத்தினாலும் இன்ஜின் ஓடும்வரை புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்போதும் சத்தம் வந்தால் பெரும்பாலும் புல்லி பெயாரிங்தான். ஏசி போட்டால் மட்டும் வந்தால் கிளட்ச் அல்லது கொம்பிரசரின் உள்ளே கோளாறு. அது வேறு செலவு.

இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரடுமுரடாகச் சுற்றினாலோ ஆடினாலோ பெயாரிங் போய்விட்டது. பல வாகனங்களில் காஸை வெளியேற்றாமலே அதை மட்டும் மாற்றலாம். பழையதன் ஓரத்தில் உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள், பிரஸ்ஸில் (அழுத்தி ஏற்றும் கருவி) வைத்துத்தான் ஏற்ற வேண்டும். கிளட்ச் இடைவெளிக்கான மெல்லிய வாஷர்கள் பத்திரம் (நான் ஒருமுறை தொலைத்துவிட்டு அலைந்தேன்).

தள்ளிப்போடாதீர்கள். பெயாரிங் இறுகினால் பெல்ட் அறும். இன்ஜினைக் குளிர்விக்கும் நீரை ஓடவிடும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் என்றால் கொழும்புக் காலி வீதி நெரிசலில் இன்ஜின் கொதித்துவிடும்.